உப்பும் ஞாயிறும்: எலக்ட்ரான் அறியப்பட்ட வரலாறு

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் இளைஞர்களின் மனத்தில் எழுவன மன்னர்களின் பெயர்களும், போர் நடந்த ஆண்டுகளும், கோட்டை கொத்தளங்களுமே ஆகும். செஞ்சிக் கோட்டையின் அருகே வாழும் நமக்கு அஃது இயல்பே. வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கப் பொறுப்பாளர்கள் கேட்டபோதும், செஞ்சியைப் பற்றியோ தென்னார்க்காட்டுப் பழங்கல்வெட்டுகளைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். முப்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்துவரும் நாம் இம்முறை அணுவின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு. பதினோராம் வகுப்பில் சேரவரும் நம் பிள்ளைகளிடம் "எந்தப் பிரிவு வேண்டும்?" என்று கேட்டால், பலர் தாமாகவே அறிவியல் பிரிவை ஒதுக்கிவிடுகின்றனர். "அஃது எங்களுக்கு வராது, ஐயா" என்கின்றனர். வராது என்று இவர்களுக்குச் சொன்னவர் யார்? அணுவை ஆராய்ந்து கண்டவர்கள் எந்தெந்த வீடுகளில் பிறந்தவர்கள் என்பதை அறிந்தால் இவ்வச்சம் பெரிதும் நீங்கும் என்பது நம் எண்ணம்.

நம் ஊர்ப் பொருளிலிருந்தே தொடங்குவோம். திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். அங்கே உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கோடை வெயிலில் பாத்திகளில் வெண்மையாய் விளையும் உப்பை வாரிக் குவிக்கும் தொழிலாளரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அத்தொழிலில் வாழ்வோர் நம்முள்ளும் உளர். இது மிகப் பழைய தொழில். சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டைச் சேர்ந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்றும், அவனது கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர் கூறுவர். உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்ற உமணரைச் சங்க இலக்கியம் பலவிடத்தும் பேசுகிறது. வெள்ளையர் ஆட்சியில் இதே உப்புக்கு வரி விதிக்கப்பட்டதும், 1930இல் வேதாரணியத்தில் அறப்போர் நிகழ்ந்ததும் பாடநூலில் உள்ளவை. ஆகவே உப்பின் அரசியல் வரலாற்றை நாம் அறிவோம். உப்பின் உள்வரலாறு யாது?

உப்பு இரண்டு தனிமங்கள் சேர்ந்த பொருள். ஒன்று சோடியம். மற்றது குளோரின். சோடியம் வெள்ளி போல் மின்னும் ஓர் உலோகம். கத்தியால் வெட்டுமளவு மென்மையானது. ஆனால் அதனை நீரில் இட்டால் சீறிப் பாய்ந்து, சில வேளைகளில் தீப்பற்றி வெடிக்கும். அதனால்தான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அதை மண்ணெண்ணெய்க்குள் மூழ்க வைத்திருக்கிறார்கள். குளோரினோ மஞ்சட்பச்சை நிறமுடைய நச்சுக் காற்று. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு என்னும் இடத்தில் ஜெர்மானியப் படையினர் அதனைப் பகைவர்மீது திறந்துவிட்டனர். மூச்சுத் திணறி மாண்டவர் பலர். தனித்தனியே உயிருக்குக் கேடு விளைக்கும் இவ்விரண்டும் கூடினால் கூழுக்குச் சுவை தரும் உப்பு ஆகின்றன. இஃது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண மனிதகுலம் நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

அணு என்னும் கருத்து பழமையானது. கிரேக்கத்தில் டெமாக்ரிட்டசும், வடபுலத்தில் கணாதரும் அதைப் பேசினர். நம் தமிழில் மணிமேகலையில் சமயக் கணக்கர் தத்தம் கொள்கையை உரைக்கும் இடத்தில், ஆசீவகன் அணுக்களைப் பற்றி விரித்துச் சொல்கிறான். இவை நாம் பெருமை கொள்ளத்தக்க சிந்தனைகளே. எனினும் சிந்தனை வேறு, நிறுத்து அளந்து மெய்ப்பித்தல் வேறு. பின்னது 19ஆம் நூற்றாண்டில்தான் நிகழ்ந்தது.

அதைத் தொடங்கி வைத்தவர் ஜான் டால்டன். இவர் இங்கிலாந்தில் ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1766இல் ஓர் ஏழை நெசவாளிக்கு மகனாய்ப் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே கிராமப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். ஒவ்வொரு தனிமமும் ஒரே தன்மையுடைய அணுக்களால் ஆனது, அவ்வணுக்கள் எளிய விகிதத்தில் கூடியே சேர்மங்கள் உண்டாகின்றன என்று 1808இல் நூலாக வெளியிட்டார். ஆனால் அவர் கருதிய அணு, உள்ளே ஒன்றுமில்லாத கெட்டிக் குண்டு. சோடியம் ஏன் சீறுகிறது, தங்கம் ஏன் ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தும் மங்காதிருக்கிறது என்பதற்கு அக்குண்டில் விடை இல்லை.

சோடியத்தை முதன்முதலில் தனியே பிரித்தவர் ஹம்ஃப்ரி டேவி. 1807இல் உருகிய காரத்தின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி அதைப் பெற்றார். மின்சாரத்தால் பிரிக்க முடிகிறது என்றால், அவற்றைச் சேர்த்து வைத்திருப்பதும் ஏதோவொரு மின்விசையே அல்லவா? இந்த ஐயத்தைத் தொடர்ந்து சென்றவர் டேவியின் உதவியாளர் மைக்கேல் ஃபாரடே. இவர் கொல்லர் மகன். புத்தகம் தைக்கும் கடையில் பயிற்சியாளாய் இருந்து, தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே அறிவு வளர்த்தவர். 1813இல் டேவி தம்பதியர் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது ஃபாரடேயும் உடன் சென்றார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தி, வேலைக்காரர்களோடு இருந்து உண்ணச் செய்தார். இச்செய்தியை நம் இளைஞர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதனை ஒத்த ஒன்றைப் பின்னர்க் காண்போம். அந்தக் கொல்லர் மகன்தான் மின்னாற்பகுப்பின் விதிகளை வகுத்து, 'அயனி' என்னும் சொல்லை 1834இல் அறிவியலுக்குத் தந்தவர்.

இனி எலக்ட்ரானுக்கு வருவோம். 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன், காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாயும்போது எழும் கதிர்களை ஆராய்ந்து, அவை எதிர்மின்சாரம் ஏற்ற நுண்துகள்கள் என்று காட்டினார். எந்த உலோகத்தை வைத்தாலும் அதே துகள்தான் வந்தது. அதன் எடை ஹைட்ரஜன் அணுவின் எடையில் ஏறத்தாழ 1,840இல் ஒரு பங்கே. பிளக்க முடியாதது என்று பெயர் பெற்ற அணுவுக்குள் அதனினும் சிறிய பொருள் ஒன்று இருப்பது இவ்வாறு வெளிப்பட்டது.

நியூசிலாந்தின் உழவர் குடும்பத்துப் பிள்ளையான ரூதர்ஃபோர்டு அடுத்த அடியை எடுத்து வைத்தார். அவர் வழிகாட்ட, கைகர், மார்ஸ்டன் என்னும் இருவர் 1909இல் மெல்லிய பொன் தகட்டின்மீது ஆல்ஃபா துகள்களை எய்து பார்த்தனர். பெரும்பாலானவை தகட்டின் ஊடே தடையின்றிச் சென்றன. ஏறத்தாழ 8,000இல் ஒன்று மட்டும் முட்டித் திரும்பிற்று. இதிலிருந்து ரூதர்ஃபோர்டு 1911இல் கண்ட முடிபு, அணுவின் எடை முழுவதும் நடுவே மிகச் சிறிய கருவில் அடங்கியிருக்கிறது, எஞ்சிய இடம் வெறுவெளி என்பது. பள்ளி விளையாட்டுத் திடலின் நடுவில் ஒரு கடுகை வைத்து, அதைச் சோடியத்தின் அணுக்கரு என்று கொண்டால், அவ்வணுவின் வெளி எல்லை சுமார் 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும். இடையில் உள்ள பெருவெளியில் திரிபவை பதினோர் எலக்ட்ரான்கள்.

அவை எப்படித் திரிகின்றன என்பதற்கு டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் போர் 1913இல் விடை கூறினார். எலக்ட்ரான்கள் கண்டபடி அலைவதில்லை. குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும் என்றார். (அதே 1913ஆம் ஆண்டு ஜூலையில்தான் அண்ணல் அம்பேத்கர் உயர்கல்விக்காக நியூயார்க்கு சென்று இறங்கினார். வரலாற்று ஆசிரியருக்கு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.) பின்னர் 1926க்குப் பிறகு வந்த குவாண்டம் கொள்கை, எலக்ட்ரான் ஒரு கோடு போட்டாற்போன்ற பாதையில் சுற்றுவதில்லை, மேகம் போல் பரந்து நிற்கிறது என்று திருத்திற்று. ஆயினும் வேதிவினையைப் புரிந்துகொள்ள, கூடுகளாக எண்ணிக் கொள்ளும் பழைய முறையே தொடக்க மாணவர்க்குப் போதும்.

முதற் கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் அமையலாம். அதற்கு மேல் இடமில்லை. அடுத்ததில் எட்டு. சோடியத்திற்கு மொத்தம் பதினொன்று ஆகையால் இரண்டு, எட்டு, ஒன்று என அமையும். குளோரினுக்குப் பதினேழு, இரண்டு, எட்டு, ஏழு. இவ்விரண்டு வரிகளையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒன்றே ஒன்று தனித்து நிற்கிறது. கருவின் ஈர்ப்பை உள்ளே உள்ள பத்து எலக்ட்ரான்களும் மறைத்து நிற்பதால், அந்த ஒன்று தளர்வாகவே கட்டுண்டு கிடக்கிறது. குளோரினிலோ எட்டு நிறைய ஒன்று குறைகிறது. அங்கே கருவின் ஈர்ப்பும் வலிமையாக உள்ளது. இரண்டும் சந்தித்தால் சோடியத்தின் தளர்ந்த எலக்ட்ரான் குளோரினிடம் போய்ச் சேர்கிறது. ஒன்றை இழந்த சோடியம் நேர்மின் அயனி. ஒன்றைப் பெற்ற குளோரின் எதிர்மின் அயனி. எதிரெதிர் மின்னேற்றம் உடையவை ஒன்றையொன்று ஈர்த்து வரிசை வரிசையாய் அடுக்கிக்கொள்கின்றன. மரக்காணத்துப் பாத்தியில் விளையும் கட்டிகள் சதுரச் சதுரமாய் இருப்பதற்கு இவ்வடுக்கே காரணம். கையில் ஒரு கல் உப்பை எடுத்து வெயிலில் பார்த்தால் அதன் ஓரங்கள் தெரியும்.

ஈண்டு ஒன்றை வற்புறுத்த வேண்டும். கைமாறியது வெளியே இருந்த ஓர் எலக்ட்ரான் மட்டுமே. சோடியத்தின் கரு அப்படியே இருக்கிறது. குளோரினின் கருவும் அப்படியே. உலகில் உள்ள வேதிவினைகள் எல்லாம், அடுப்பு எரிவதும், இரும்பு துருப்பிடிப்பதும், நாம் உண்ட சோறு செரிப்பதும், அணுக்களின் வெளி விளிம்பில் நிகழும் இத்தகைய கொடுக்கல் வாங்கலும் பகிர்தலுமே ஆகும். கொடுத்து வாங்கும் முறையை ஜெர்மனியின் காசெலும், பகிர்ந்துகொள்ளும் முறையை அமெரிக்காவின் லூயிசும் 1916இல் தனித்தனியே விளக்கினர். அந்த 1916இல்தான் நம் தென்னார்க்காட்டில் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார் என்பதையும் குறித்து வைப்போம்.

பொட்டாசியம் சோடியத்தைவிட வேகமாக வினைபுரியும். அதன் எலக்ட்ரான்கள் இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று. கடைசி எலக்ட்ரான் கருவை விட்டு இன்னும் தள்ளி நிற்பதால் இன்னும் எளிதாய்க் கழன்றுவிடும். இதை அளவாலும் சொல்லலாம். ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டிய ஆற்றலை அயனியாக்க ஆற்றல் என்பர். பொட்டாசியத்திற்கு அது 4.3 எலக்ட்ரான் வோல்ட், சோடியத்திற்கு 5.1, குளோரினுக்கு ஏறத்தாழ 13, எவரோடும் சேராத ஹீலியத்திற்கு 24.6. மாணவர்கள் இந்த நான்கு எண்களை மனத்தில் கொண்டால், எந்தத் தனிமம் முரடு, எந்தத் தனிமம் துறவி என்பது தானே விளங்கும். இதே எண்களை வைத்துக்கொண்டு, நம் நாட்டவர் ஒருவர் ஞாயிற்றின் உள்ளடக்கத்தையே படித்துக் காட்டினார். இக்கட்டுரையை எழுதப் புகுந்ததே அவரைப் பற்றிச் சொல்லத்தான்.

மேகநாத் சாகா 1893 அக்டோபர் 6 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள டாக்காவை அடுத்த சியோரத்தளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சிறு மளிகைக்கடை வைத்திருந்தார். எட்டுக் குழந்தைகளில் இவர் ஐந்தாமவர். குலமோ வங்காளத்துச் சாதி அடுக்கில் தாழ்வாகக் கருதப்பட்ட வணிகக் குலம். அவர் பட்டியல் வகுப்பினர் அல்லர். அதை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. ஆயினும் தாழ்வென்று ஒதுக்கப்படுவதன் வலியை அவர் தம் உடம்பில் அறிந்தவர்.

ஊரில் தொடக்கப் பள்ளிக்கு மேல் இல்லை. கடையில் வந்து உட்கார் என்பதே தந்தையின் விருப்பம். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிமுலியாவில் நடுநிலைப் பள்ளி இருந்தது. அங்கே அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் சிறுவனுக்குத் தம் வீட்டில் உணவும் இடமும் தந்தார். அதற்கு ஈடாக, உண்ட பாத்திரத்தைத் தானே கழுவுவதும், மாட்டைப் பார்த்துக்கொள்வதும், சிறு வீட்டு வேலைகளும் சிறுவனின் கடமை. அந்நிலையில் படித்து மாவட்டத்தில் முதல்வனாய்த் தேறி, மாதம் நான்கு ரூபாய் உதவித்தொகை பெற்றான். 1905இல் டாக்கா கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தான். அது வங்கப் பிரிவினைக் காலம். ஆளுநர் வருகையை எதிர்த்து மாணவர் சிலர் காலணி இன்றிப் பள்ளிக்கு வந்தனர். சாகாவும் அவர்களுள் ஒருவர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையும் பறிபோயிற்று. வேறொரு தனியார் பள்ளி இடம் தந்தது. 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்காள மாணவருள் முதலிடம் பெற்றார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். பிரபுல்ல சந்திர ராயும் ஜகதீச சந்திர போசும் அங்கே ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் உடன் பயின்றவர். இத்தகைய அறிவாளர் கூடிய இடத்திலும் சாதி விடவில்லை. ஈடன் இந்து விடுதியில் உயர்குல மாணவர் சிலர் சாகாவுடன் ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். கலைமகள் பூசையின்போது பூசை மேடையை அணுகவும் அவருக்குத் தடை செய்தனர். கலைமகளுக்கு அந்த விடுதியில் அவரைவிட நெருங்கிய பிள்ளை யார் இருந்திருக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது. பெற்றோர் இட்ட பெயர் 'மேக்நாத்', மேகங்களின் தலைவனாகிய இந்திரனைக் குறிப்பது. அவர் பின்னர் அதனை 'மேக்நாத்' என்பதிலிருந்து 'மேக்நாத்' என்றே ஒலிக்கும், ஆனால் எழுத்து வேறான இராவணன் மகன் இந்திரசித்தின் பெயராக மாற்றிக்கொண்டார் என்பர். தமிழ் எழுத்தில் இவ்விரண்டுக்கும் வேற்றுமை காட்ட இயலாது. வங்க எழுத்தில் தெளிவாகத் தெரியும். இந்திரனிலிருந்து இந்திரனை வென்றவனுக்கு மாறிய அந்த ஓரெழுத்தின் பொருள் நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நம் பள்ளிகளில் இந்நிலை அறவே ஒழிந்துவிட்டதா? நாம் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆய்வுக்கூட வகுப்பில் நம் பிள்ளைகள் எப்போதும் மேசைக்குப் பின் வரிசையில் நின்று பார்ப்பவராகவும், முடிந்தபின் சோதனைக் குழாய்களைக் கழுவுபவராகவும் இருக்கக் கண்டோம். எவரும் வாய்திறந்து அப்படிச் செய்யச் சொன்னதில்லை. வழக்கம் என்பது வாய்திறக்காமலே வேலை செய்யும்.

1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சாகா விரிவுரையாளர் ஆனார். கருவிகள் போதா, நூல்களும் அரிதாகவே கிடைத்தன. ஜெர்மன் மொழியைக் கற்று, போசுடன் சேர்ந்து ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூல் 1920இல் வெளிவந்தது. 1917இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையை அமெரிக்க இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பங்கை ஆசிரியரே ஏற்றால் வெளியிடலாம் என்று விடை வந்தது. தொகை நூறு டாலருக்கு மேல். விரிவுரையாளரிடம் அப்பணம் இல்லை. கட்டுரை அங்கே அச்சேறவில்லை.

அவரை ஈர்த்த புதிர் யாதெனின், விண்மீன்களின் ஒளி. அதைப் புரிந்துகொள்ள நம் அடுக்களைக்கே திரும்புவோம். பிள்ளைக்குக் கண்ணேறு பட்டதென்று பாட்டிமார் உப்பைக் கையில் எடுத்துச் சுற்றி அடுப்பில் போடுவர். உப்பு படபடவென வெடிக்கும். தீ மஞ்சளாய் எழும். வெடிப்பது உப்புக்கட்டிக்குள் சிக்கிய நீர் ஆவியாவதால். மஞ்சள் ஒளியோ சோடியத்தின் அந்தக் கடைசி எலக்ட்ரான் வெப்பத்தால் மேல்நிலைக்குத் தாவி, மீண்டும் கீழே இறங்கும்போது விடும் ஒளி. கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, அணுவின் செய்தி ஒன்று அடுப்பிலிருந்து வெளிப்படுகிறது. ஒவ்வொரு தனிமத்திற்கும் இவ்வாறு தனக்கே உரிய நிறக்கோடுகள் உண்டு. 1859இல் ஜெர்மனியில் கிர்ச்சாஃபும் புன்சனும் இதனை நிறுவினர். 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம் நம் நாட்டின்மீது கடந்தபோது, குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்துப் போக்சனும் ஞாயிற்றின் விளிம்பு ஒளியை ஆராய்ந்தனர். சோடியத்தின் மஞ்சள் கோட்டுக்கு அருகே, ஆனால் அதனோடு பொருந்தாத ஒரு கோடு அவ்வாண்டு அறியப்பட்டது. அதுவே பின்னர் ஹீலியம் எனப்பட்டது.

புதிர் இதுதான். ஞாயிற்றின் ஒளியில் சில தனிமங்களின் கோடுகள் அழுத்தமாகத் தெரிகின்றன. சில தெரியவே இல்லை. கால்சியம் அயனியின் கோடுகள் ஞாயிற்றின் மேல்மட்ட வெளியில் மிக உயரத்திலும் காணப்பட்டன. ஹைட்ரஜனைவிடப் பன்மடங்கு கனமான கால்சியம் அவ்வளவு உயரத்தில் எப்படி நிற்கும்? விண்மீன்களையும் நிறமாலையைக் கொண்டு வகை வகையாகப் பிரித்திருந்தனர். ஏன் அவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்கு ஒருமித்த விளக்கம் இல்லை.

சாகா கண்ட விடை எளிமையானது, ஆழமானது. வெப்பம் மிகுந்த இடத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதியும் ஒளியால் தாக்குண்டும் எலக்ட்ரானை இழக்கும். இழந்த அணு அயனியாகி, வேறு கோடுகளைக் காட்டும். எத்தனை விழுக்காடு அயனியாகும் என்பது மூன்றைப் பொறுத்தது: வெப்பநிலை, அழுத்தம், அத்தனிமத்தின் அயனியாக்க ஆற்றல். வெப்பம் கூடினால் அயனிகள் கூடும் என்பது எவர்க்கும் விளங்கும். அழுத்தம் குறைந்தாலும் அயனிகள் கூடும் என்பதே அவர் கண்ட நுட்பம். மயிலம் பங்குனி உத்திரத் திருவிழாக் கூட்டத்தில் தாயின் கையை விட்ட குழந்தையை உடனே யாரேனும் பிடித்துக்கொள்வர். அதே குழந்தை ஆளற்ற உப்பளத்து வெளியில் கையை விட்டு ஓடினால் நெடுந்தூரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதுபோல, நெருக்கம் குறைந்த மேல்வெளியில் கழன்ற எலக்ட்ரானைத் திரும்பப் பிடிக்க அருகே அயனிகள் இல்லை. ஆகவேதான் கால்சியம் மேலே செல்லச் செல்ல அயனியாகவே நிற்கிறது.

இக்கருத்தைக் கணக்காக்கி, வேதிவினைகளின் சமநிலைக்கு நெர்ன்ஸ்ட் வகுத்த சூத்திரத்தை எலக்ட்ரான் கழலுதலுக்குப் பொருத்தினார். எலக்ட்ரான் கழலுதலும் ஒரு வேதிவினையே என்று கொண்டதுதான் இதன் உயிர்நாடி. ஜெர்மனியின் எக்கெர்ட் 1919இல் இவ்வழியைத் தொட்டிருந்தார். ஆனால் அயனியாக்க ஆற்றலின் அளந்தறிந்த மதிப்பை உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் கணக்கிடலாம்படி செய்தவர் சாகா. 1920 அக்டோபரில் இலண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27.

சூத்திரம் சரியானதா என்று சோதிக்க வழியும் அவரே சொன்னார். ரூபிடியமும் சீசியமும் சோடியத்தினும் எளிதாக எலக்ட்ரானை இழப்பவை. ஞாயிற்றின் பரப்பில் ஏறத்தாழ 6,000 பாகை வெப்பத்தில் அவை பெரும்பாலும் அயனியாகிவிடுவதால் அவற்றின் வழக்கமான கோடுகள் தெரியவில்லை. வெப்பம் குறைந்த சூரியக் கரும்புள்ளிகளில் தேடினால் தெரியலாம் என்றார். தேடுவதற்குரிய பெருந்தொலைநோக்கி கல்கத்தாவில் ஏது? அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாய்வகப் பதிவுகளில் ரசல் பார்த்தார். கரும்புள்ளியின் நிறமாலையில் ரூபிடியம் இருந்தது. கருவி உடையவர் கண்ணால் கண்டதை, கருவி இல்லாதவர் காகிதத்தில் முன்னரே கண்டிருந்தார். 1925இல் செசிலியா பெய்ன் என்னும் இளம்பெண், ஹார்வர்டில் சாகாவின் சூத்திரத்தை ஆயிரக்கணக்கான விண்மீன் பதிவுகளுக்குப் பொருத்தி, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டார். பெரியவர்கள் நம்ப மறுத்தனர். அவர்களுள் ரசலும் ஒருவர். சில ஆண்டுகளில் அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பெண் என்பதற்காக அவருக்குப் பட்டம் மறுத்தது கேம்பிரிட்ஜ் என்பதும் வரலாறே.

சாகா 1923 முதல் 1938 வரை அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தார். 1927இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அவ்வாண்டு மார்ச்சில் மகத்தில் அண்ணல் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பின்னர்க் கல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிலையத்தை நிறுவினார் சாகா. 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ-கியூரி அதனைத் திறந்து வைத்தார். இன்று அந்நிலையம் அவர் பெயரால் வழங்குகிறது.

புகழ் பெற்றபின் டாக்காவில் ஒரு முதிய வழக்கறிஞரிடம் தம் கண்டுபிடிப்பை அவர் ஆர்வத்தோடு விளக்கினாராம். ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பெரியவர், "இதில் புதிதென்ன? எல்லாம் வேதத்தில் உள்ளதே" என்றாராம். எந்த வேதத்தில், எந்தப் பகுதியில் என்று கேட்டதற்கு, தாம் வேதத்தைப் படித்ததில்லை என்பதே விடை. சாகா இதனை 1939இல் ஒரு வங்க இதழில் எழுதி, தாம் பல ஆண்டுகள் தேடியும் அங்கே காணவில்லை என்றும் சேர்த்தார். முன்னர் நாம் ஆசீவகனை எடுத்துக்காட்டியபோது சிந்தனை வேறு, அளத்தல் வேறு என்றது இதனாலேயே.

ஆய்வுக்கூடத்தோடு அவர் நிற்கவில்லை. இளமையில் வெள்ளத்தில் மிதந்த ஊர்களைக் கண்டவர் ஆகையால், ஆறுகளைப் பற்றி ஓயாது எழுதினார். 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்து அழிவு செய்தபின் அமைந்த விசாரணைக் குழுவில் உறுப்பினராக இருந்து, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தைப் போன்றதொரு திட்டம் வேண்டும் என்று வாதிட்டார். அத்திட்டத்தை அரசு தரப்பில் வளர்த்தெடுக்கும் பொறுப்பு, அன்றைய வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் கையில் இருந்தது. விடுதிப் பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரும், பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட மறுக்கப்பட்டவரும் ஓர் ஆற்றின் நீரை மக்களுக்கு ஆக்கும் பணியில் ஈடுபட்டனர். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948 ஜூலையில் சட்டப்படி அமைந்தது.

1952இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சை வேட்பாளராக நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவெங்கும் முப்பது வகைப் பஞ்சாங்கங்கள் வழங்கிய குழப்பத்தைத் தீர்க்க அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக்குழு அலுவலகத்தை நோக்கிச் செல்கையில் மாரடைப்பால் வழியிலேயே வீழ்ந்து உயிர்நீத்தார். வயது 62. அவர் குழு வகுத்த தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசிதழின் முகப்பில் ஆங்கிலத் தேதியோடு அந்நாட்காட்டியின் தேதியும் அச்சாகி வருவதை இன்றும் காணலாம்.